மீட்டர்ல 2,140, நெஜத்துல ஏழாயிரம்: பழைய வள்ளம் வாங்கி சரி பண்ணுன கதை

கத்தார்ல ஆறு வருஷம் டீசல் ஜெனரேட்டர் மெயின்டனன்ஸ் பாத்துட்டு வந்தவன் நான். அங்க எந்த மெஷின காட்டுனாலும் மொதல் கேள்வி எத்தன மணிநேரம் ஓடிருக்குங்கிறதுதான், 250 மணிக்கு ஆயில் மாத்தணும், இத்தன மணிக்கு இன்ஜெக்டர கழட்டணும், இத்தன மணிக்கு ஓவர்ஹால்னு எல்லாமே மணிக்கணக்கு. அந்தப் பழக்கத்தோடயே தம்பிக்கு ஒரு பழைய ஃபைபர் வள்ளம் பாக்கலாம்னு தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரைல போய் நின்னு "அண்ணே, இன்ஜின் எத்தன மணிநேரம்ணே"ன்னு கேட்டா ஒரு மாதிரி பாக்காவ. நம்ம பக்கம் பாதி வள்ளத்துல மீட்டரே கிடையாது, இருக்கிற மீட்டரும் இன்ஜினோட வந்ததா இல்ல எதுலயோ இருந்து கழட்டி மாட்டுனதான்னு யாருக்கும் தெரியாது.

மொதல்ல பாத்தது வேம்பார் பக்கம் ஒன்னு. "அறுநூறு மணிநேரம் கூட ஓடல தம்பி, புது இன்ஜின் மாதிரி"ன்னு சொன்னாவ, சொன்னது பொய்யும் இல்ல. ஆனா ஓனர் வெளிநாடு போயிட்டதால மூணு வருஷமா கரையில ஏத்தி தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தாங்க. கிராங்க் புல்லில ஸ்பேனர் போட்டு கையால திருப்பிப் பாத்தேன், கால் சுத்து வந்து கடக்குன்னு நின்னுச்சு, அதுக்கு மேல அசையல. ஓடாம கிடக்குற இன்ஜின்ல பிஸ்டன் ஓடுற சிலிண்டர் உறை, அதான் லைனர், அது மேல உள்ள ஆயில் படலம் வடிஞ்சு போயிரும், புகை போற எக்ஸாஸ்ட் வழியா உப்புக்காத்து உள்ள போகும், எந்த சிலிண்டர்ல வால்வு தொறந்து நின்னுச்சோ அங்க பிஸ்டன் ரிங்கும் லைனரும் சேந்து துருப் பிடிச்சிரும். கம்மியா ஓடுனதுன்னு சொல்லி அஞ்சரை லட்சம் கேட்டாங்க. கும்புடு போட்டுட்டு வந்துட்டேன்.

ரெண்டாவதா பாத்தது தருவைகுளத்து வள்ளம், இப்ப எங்க வீட்டுது. 36 அடி, ஒரு நாலு சிலிண்டர் லாரி இன்ஜின கடலுக்கு ஏத்த மாதிரி மாத்தி உக்கார வச்சது, ரெண்டுக்கு ஒன்னு கியர்பாக்ஸ். ஓனருக்கு அறுபது வயசு இருக்கும், பையன் கடலுக்கு வரமாட்டேன்னு கோயம்புத்தூர்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டான். ஆறேகால் லட்சம் கேட்டாரு. மீட்டர்ல 2,140. சாவி திருப்புறதுக்கு முன்னாடி சும்மா பேச்சுக்கொடுத்துக்கிட்டே புகை வெளிய போற மேனிஃபோல்டு மேல கை வச்சேன், சுள்ளுன்னு சுட்டுச்சு. நாங்க வர்றது தெரிஞ்சு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருக்காரு. அப்புறம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுனாரு, அரை சுத்துல பிடிச்சிருச்சு, புகையே இல்ல, தம்பி என் கையப் பிடிச்சு அமுக்குறான் முடிச்சிரலாம்ணேங்கிற மாதிரி. சூடா இருக்கிறப்ப எல்லா இன்ஜினும் நல்ல இன்ஜின்தான், இன்னொரு நாள் வர்றோம்னு கெளம்பிட்டோம்.

கெளம்புறதுக்கு முன்னாடி வள்ளத்தோட டீசல் பாஸ்புக்க கேட்டேன். எதுக்குன்னு புரியாமலே எடுத்துக் கொடுத்தாரு. நாட்டுப்படகுக்கு வரி இல்லாத டீசல் வருஷத்துக்கு 4,000 லிட்டர்னு இருந்துச்சு, 2023ல மண்டபத்துல நடந்த மீனவர் மாநாட்டுல அத 4,400 ஆக்குனாங்க, அதனால யாரும் அந்தக் கணக்க வீணா விடமாட்டாங்க. இவரு புக்குல வள்ளம் ஓடுன எட்டு வருஷத்துக்கும் பதிவு இருந்துச்சு, கூட்டிப் பாத்தா 29,000 லிட்டர் கிட்ட. இந்த மாதிரி டீசல் இன்ஜின் ஒரு குதிரைசக்திய ஒரு மணிநேரம் கொடுக்க சுமாரா 200 மில்லி குடிக்கும், வள்ளம் சாதாரணமா போற வேகத்துக்கு 25 குதிரைசக்தி எடுக்குதுன்னு வச்சா மணிக்கு அஞ்சு லிட்டர், அப்ப 5,800 மணிநேரம், வெளி பங்க்ல அடிச்சது தனி. இன்னொரு வழியா போட்டுப் பாத்தேன், வருஷத்துக்கு 180 நாள் தொழில், நாளைக்கு அஞ்சு மணிநேரம் இன்ஜின் ஓட்டம், எட்டு வருஷம், 7,200. ரெண்டும் ஏழாயிரத்துக்குப் பக்கத்துலயே வந்து நிக்குது.

அவருகிட்ட மெதுவா கேட்டேன், "அண்ணாச்சி, இது ரெண்டாயிரம் இல்லையே, ஏழாயிரம் தாண்டும் போலயே." அவரு கொஞ்சம் கூட அசரல. "மீட்டர் வயரு அறுந்து அஞ்சு வருஷமாச்சு, நான் எங்கடே ரெண்டாயிரம்னு சொன்னேன், நீதான மீட்டரப் பாத்த." அதுக்கு என்ன பதில் சொல்ல.

ஏழாயிரம் மணிநேரம்னா ரோட்டுல மணிக்கு 40 கிலோமீட்டர்னு வச்சா 2,80,000 கிலோமீட்டர் ஓடுன லாரி. வள்ளத்துக்கு வெளிய மாட்டுற பெட்ரோல் அவுட்போர்டா இருந்தா அந்தப் பேச்சுக்கே இடமில்ல, 1,500, 2,000 தாண்டுனாலே யோசிக்கணும். டீசல் அப்படி இல்ல, ஒழுங்கா ஆயில் மாத்தி ஒரே வேகத்துல தினமும் ஓடுனதுன்னா எட்டாயிரம் பத்தாயிரம் வரைக்கும் கூட சிலிண்டர மேல மூடுற ஹெட்ட கழட்டாம ஓடும். இவரு தினமும் ஓட்டிருக்காரு. ஆயில் மாத்தினாராங்கிறதுதான் கேள்வி.

அடுத்த வாரம் சொல்லாம கொள்ளாம காலைல நாலு மணிக்குப் போய் நின்னோம், கூட எங்க மெக்கானிக் அண்ணாச்சி. ஓனர் கடலுக்கு எறங்கப்போற நேரம், இன்ஜின் ஜில்லுன்னு இருந்துச்சு. பத்துப் பன்னெண்டு செகண்ட் கிராங்க் பண்ணுன பிறகுதான் பிடிச்சுது, வெள்ளப் புகை ரெண்டு நிமிஷம் நின்னுச்சு, ஒரு சிலிண்டர் சேராம டொக்கு டொக்குன்னு அடிச்சுது, சூடாக ஆக அதுவும் சேந்துக்கிச்சு. நீலப் புகை மட்டும் வரவே இல்ல, அதுதான் எனக்கு வேண்டியது, ஏன்னா நீலம்னா ரிங்கு தேஞ்சு ஆயில் எரியுதுன்னு அர்த்தம். ஆயில் ஊத்துற மூடிய கழட்டி அதே ஓட்டை மேல தலைகீழா சும்மா வச்சேன், ரிங்கு போன இன்ஜின்னா உள்ள இருந்து வர்ற காத்து அந்த மூடிய தூக்கித் தூக்கிப் போடும், இது லேசா நடுங்குனதோட சரி. ஆனா மூடிக்கு அடியில பாத்தா வெண்ணெய் மாதிரி வெள்ளையா திரண்டு கிடக்கு. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. தண்ணி ஆயில்ல கலக்குது, ஹெட்டுக்கு அடியில அடைப்பா இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கணும், இல்லன்னா ஹெட்டே வெடிச்சிருக்கணும்.

ஓனர்கிட்ட ஒரு நாள் தொழில் போறதுக்கு 2,000 ரூபா கொடுத்து டீசல சிலிண்டருக்குள்ள பீச்சுற இன்ஜெக்டர கழட்டிப் பாக்க சம்மதம் வாங்குனோம். சிலிண்டர் காத்த எவ்ளோ அமுக்குதுன்னு பாக்க கம்ப்ரஷன் கேஜ் போட்டா ஒன்னு, ரெண்டு, நாலு மூணும் 380லருந்து 390 பிஎஸ்ஐ, மூணாவது மட்டும் 310. இந்த இடத்துல நெறைய பேரு "ஒரு சிலிண்டர் வீக்கு, இன்ஜின் முடிஞ்சுது"ன்னு வந்துருவாங்க. மெக்கானிக் அண்ணாச்சி அப்படி விடல. மூணாவது பிஸ்டன சரியா மேல் உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்க் சுத்தாம இருக்க கியர போட்டு ஷாஃப்ட்ட பைப் ரிஞ்ச்சால பிடிச்சுக்கிட்டு, இன்ஜெக்டர் ஓட்டை வழியா கம்ப்ரஸர்ல இருந்து 80 பிஎஸ்ஐ காத்த விட்டாரு. "எல்லாரும் வாய மூடுங்கடே"ன்னாரு. உஸ்ஸுன்னு ஒரு சத்தம், பாம்பு மாதிரி. காத்து எந்த வழியா வெளிய வருதோ அங்கதான் கோளாறு. ஆயில் ஊத்துற ஓட்டைல காத வச்சேன், அங்க பெருசா இல்ல. ஏர் ஃபில்டர் பக்கம் இல்ல. கூலிங் டேங்க் மூடிய தொறந்து பாத்தோம், ஒரு குமிழி கூட வரல. சைலன்ஸர் வாயில கைய வச்சேன், காத்து ஜிலுஜிலுன்னு உள்ளங்கைல அடிக்குது. எக்ஸாஸ்ட் வால்வு உக்காரல, அவ்ளோதான். குமிழி வரலைங்கிறதால ஹெட் கேஸ்கெட்டும் தப்பிச்சுது.

அப்ப அந்த வெண்ணெய்? இன்ஜின் சூடாகுற வரைக்கும் கூலிங் தண்ணிய தடுத்து வைக்கிற தெர்மோஸ்டாட் இருக்கிற எடத்த தொறந்து பாத்தா காலி. ஒரு தடவ இன்ஜின் சூடாயிருக்கு, யாரோ ஒருத்தர் யோசனையில தெர்மோஸ்டாட்ட கழட்டி கடல்ல எறிஞ்சிட்டாங்க. நம்ம ஊர்ல இது ஒரு வைத்தியம், லாரிலருந்து வள்ளம் வரைக்கும் எல்லாத்துக்கும் இதே மருந்து. தெர்மோஸ்டாட் இல்லன்னா 80 டிகிரில ஓட வேண்டிய இன்ஜின் 50 டிகிரிலயே நிக்கும், உள்ள உண்டாகுற ஈரம் ஆவியாகி வெளிய போகாது, மூடிக்கு அடில போய் வெண்ணெயாத் திரளும், டீசலும் கூட குடிக்கும், லைனரும் சீக்கிரம் தேயும்.

அன்னைக்கே ஒரு மணிநேரம் கடல்லயும் ஓட்டிப் பாத்தோம். கிராங்க் புல்லில மினுங்குற ஸ்டிக்கர் ஒட்டி கைல பிடிக்கிற லேசர் டேக்கோமீட்டர்ல அளந்தேன். முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தா நிமிஷத்துக்கு 2,200 சுத்து போகணும், இது 1,780ல முக்கிக்கிட்டு நிக்குது, பின்னாடி கறுப்புப் புகை. ப்ரொப்பல்லர் இன்ஜினுக்குப் பெருசு. சைக்கிள்ல டாப் கியர்லயே மேடு ஏறுற மாதிரி எட்டு வருஷம் ஓட்டிருக்காங்க. கியர்பாக்ஸ் ஆயில் டிப்ஸ்டிக்க உருவுனா பால் காப்பி கலரு, அதோட கூலர்ல ஓட்டை, அது சின்ன செலவு.

விலை பேசுறப்ப இன்னொன்னு தெரிய வந்துச்சு. மீன் ஏலம் விடுற ஏலக்காரர்கிட்ட ஒன்றரை லட்சம் முன்பணம் வாங்கிருக்காரு, அது தீர்ற வரைக்கும் அந்த வள்ளத்து மீனு அவருகிட்டதான் போய் விழணும். ஆர்சி புக்கு கைல இருக்கு, பேங்க் கடன் இல்லன்னு நாம நிம்மதியா இருப்போம், கடற்கரை கடன் எந்தப் புக்குலயும் இருக்காது. அக்கம்பக்கத்துல நாலு பேர்ட்ட விசாரிச்சதுலதான் வெளிய வந்துச்சு. கடைசில 4,80,000க்கு முடிஞ்சுது, அதுல ஒன்றரை லட்சத்த நேரா ஏலக்காரர் கைல கொடுத்து கணக்கு முடிஞ்சுதுன்னு எழுதி வாங்குன பிறகுதான் மீதிய ஓனர்கிட்ட கொடுத்தோம். பேர் மாத்துறது மீன்வளத்துறை ஆபீஸ்ல, அது நாலு நட.

வேலைய ஆரம்பிச்சது ஹெட்டுல. கழட்டுனதும் நான் மொதல்ல பண்ணுனது லைனர் மேல்விளிம்புல நகத்தால தடவிப் பாத்தது, ரிங்கு போற இடத்துக்கும் போகாத இடத்துக்கும் நடுவுல ஒரு படி இருக்கும், அதிகமா தேஞ்சிருந்தா நகம் மாட்டி நிக்கும். இதுல லேசா தட்டுப்பட்டுச்சு, மாட்டல. லைனர் உள்பக்கம் ஃபேக்டரில கோடு கோடா குறுக்குமறுக்கா போட்டிருப்பாங்கல்ல, அது பாதி இடத்துல இன்னும் தெரியுது. ஏழாயிரம் மணிநேரத்துக்குப் பிறகு! ஓனருக்கு ஃபோன் போட்டு ஆயில் எப்ப எப்ப மாத்துவீகன்னு கேட்டேன். "மாசத்துக்கு ஒருக்கா, அமாவாசைக்கு அமாவாசை, எங்கப்பா சொல்லிக்கொடுத்தது"ன்னாரு. கணக்குப் போட்டா எழுபது எண்பது மணிக்கு ஒரு ஆயில். கத்தார்ல நாங்க கூட அப்படி மாத்துனதில்ல. மூணாவது எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுல அம்மைத் தழும்பு மாதிரி குழி, வால்வ மாத்தி சீட்ட வெட்டி பேஸ்ட் போட்டு உரசி உக்கார வச்சோம், நாலு நாசில் புதுசு, கேஸ்கெட் செட்டு, எல்லாம் சேந்து 19,000.

அடுத்து கடல்தண்ணிய வச்சு இன்ஜின் தண்ணிய ஆத்துற ஹீட் எக்ஸ்சேஞ்சர், இன்ஜின் சூடான நெஜமான காரணம் இங்கதான் இருந்துச்சு. கடல்தண்ணி போற 42 ட்யூப்ல பாதிக்கு மேல அடைச்சுக் கிடக்கு, உப்புப் படிவும் சிப்பித்தூளும் கல்லு மாதிரி. எங்கம்மாவோட தென்னை ஈக்குமாத்துல இருந்து குச்சிய உருவி ஒவ்வொரு ட்யூபா குத்தி எடுத்தேன், கம்பி விட்டா ட்யூப் கீறிரும், ஈக்கு வளஞ்சு கொடுக்கும். ரெண்டு ட்யூப் ஓட்டை, ரெண்டு முனையிலயும் பித்தளை ஆப்பு அடிச்சு அடைச்சுட்டோம், 42ல ரெண்டு போனா ஒன்னும் ஆயிராது. ஸிங்க் இருக்க வேண்டிய பிளக்குல பித்தளை மூடி மட்டும்தான் இருந்துச்சு, ஸிங்க் கரைஞ்சு போயே பல வருஷம் ஆயிருக்கும். கடல்தண்ணி அரிக்கிறத ட்யூபுக்குப் பதிலா ஸிங்க்தான் வாங்கிக்கிடும், அது இருந்திருந்தா அந்த ட்யூப் ரெண்டும் ஓட்டையாகிருக்காது. புது ஸிங்க், புது தெர்மோஸ்டாட்.

இவ்ளோ சமத்தா இன்ஜின சோதிச்சவன் கோட்டை விட்ட இடம் அதுக்கு அடியில. எல்லாம் மாட்டி ஓட்டுனா வள்ளமே அதிருது. கியர்பாக்ஸயும் ஷாஃப்ட்டயும் சேக்குற கப்ளிங்க ரெண்டு பக்கமும் பிரிச்சு ஃபீலர் கேஜ் விட்டா மேல ஒரு இடைவெளி கீழ ஒரு இடைவெளி, 0.6 எம்எம் வித்தியாசம், 0.1க்குள்ள இருக்கணும். சரி மவுண்டிங்க தூக்கி எறக்கி சரி பண்ணுவோம்னு போல்ட்ட முறுக்குனா சுத்திக்கிட்டே இருக்கு, பிடிக்கவே இல்ல. முழுசா வெளிய உருவுனேன். மரைல கறுப்பா ஈர மரத்தூள் அப்பிக்கிட்டு வருது, மோந்து பாத்தா சாக்கடை நாத்தம். 6 எம்எம் பிட்டு போட்டு இன்ஜின் உக்காந்திருக்கிற பெட்டோட பக்கவாட்டுல ஒரு ஓட்டை போட்டேன், சொட்டு சொட்டா பழுப்புத் தண்ணி ஒழுகுது, நான் பாத்துக்கிட்டே இருக்கேன் ஒரு கிளாஸ் தண்ணியாவது வந்திருக்கும். வெளிய ஃபைபர் பளபளன்னு இருக்கு, உள்ள மரம் இல்ல, கஞ்சிதான் இருக்கு. போல்ட்டு ஓட்டை வழியா எட்டு வருஷமா வள்ளத்து அடியில தேங்குற பில்ஜ் தண்ணி எறங்கிருக்கு. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு ரூபா காயின வச்சு பெட்டு மேல தட்டிருந்தா போதும், நல்ல இடம்னா டிங்குங்கும், போன இடம்னா டொப்புங்கும். மத்த இடமெல்லாம் தட்டுனேன், அணியத்துல இருந்து பின்பக்கம் வரைக்கும். இன்ஜினுக்கு அடியில எண்ணெயும் அழுக்குமா இருந்ததால கைய விடல.

சவுக்குக் கம்பு மூணு நட்டி செயின் பிளாக் கட்டி இன்ஜின தூக்குனோம். பெட்டோட மேல் ஃபைபர கிரைண்டரால வெட்டித் திறந்து மரத்த கரண்டியாலயே அள்ளுனோம், நெசமாவே கரண்டியாலதான். அப்புறம் பன்னெண்டு நாள் வெயில்ல காயவிட்டோம், இந்த இடத்துல அவசரப்பட்டா அவ்ளோதான், ஈரத்துமேல ரெசின் ஒட்டாது. வேங்கை மரத்த அளவுக்கு இழைச்சு நாலு பக்கமும் ரெசின் குடிக்கவச்சு உக்கார வச்சு, மேல 450 கிராம் மேட்டு, ரோவிங்குன்னு ரெண்டு வகை ஃபைபர் துணியையும் மாத்தி மாத்தி ஏழு அடுக்கு. தூத்துக்குடி வெயிலுக்கு ரெசின கட்டியாக்குற கேட்டலிஸ்ட் ஒரு சதவீதத்துக்கு மேல போட்டா பக்கெட்லயே ரெசின் கட்டியாகி புகைய ஆரம்பிச்சிரும், எங்களுக்கு ஒரு பக்கெட் அப்படிப் போச்சு, காலைல ஆறு மணிக்கே ஆரம்பிச்சு ஒன்பதுக்குள்ள முடிச்சோம். இன்னொன்னு, அத வேகப்படுத்துற ஆக்ஸிலரேட்டர்ங்கிற மருந்த மொதல்ல ரெசின்ல கலக்கிறணும், அப்புறம்தான் கேட்டலிஸ்ட், ரெண்டையும் நேரடியா ஒன்னுக்கொன்னு ஊத்துனா வெடிக்கும், விளையாட்டுக்குச் சொல்லல. இந்தத் தடவ போல்ட்டுக்கு மரத்த நம்பாம 10 எம்எம் எஸ்எஸ் பிளேட்ட மேல வச்சு குறுக்க துளைச்சுப் போற மாதிரி போட்டு, ஓட்டை உள்பக்கத்தயும் ரெசினால அடைச்சோம். பெட்டுக்கு மட்டும் 62,000, இன்ஜினுக்குச் செஞ்ச எல்லாத்தயும் விட ரெண்டு மடங்கு.

அலைன்மென்ட் கரையில பாத்தது கணக்குல வராது, வள்ளம் தண்ணில எறங்குனா உடம்பு கொஞ்சம் வளையும். எறக்கி ஒரு நாள் மிதக்கவிட்டு அதுக்கப்புறம் ஷிம் தகடு போட்டு 0.08க்குக் கொண்டுவந்தோம். ப்ரொப்பல்லர் இலையோட சாய்வு, அதான் பிட்ச்சு, அத பட்டறைல ரெண்டு இன்ச் கொறைச்சோம், இப்ப முழு ஆக்ஸிலேட்டர்ல 2,150 போகுது, கறுப்புப் புகை போச்சு. டீசல் மணிக்கு முக்கால் லிட்டர் மிச்சம்னு தம்பி சொல்றான், அவன் சொல்றதுல பாதிய நம்பலாம்.

புது ஹவர் மீட்டர் மாட்டிருக்கேன், சாவில இருந்து கனெக்‌ஷன் எடுக்காம ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியா எடுத்தேன், அப்பதான் இன்ஜின் ஓடுறப்ப மட்டும் ஓடும். சைபர்ல இருந்து ஆரம்பிச்சு இப்ப 436, பக்கத்துலயே பெயின்ட்ல "+7000"ன்னு எழுதி வச்சிருக்கேன், நாளைக்கு நானே விக்கிறப்ப மறந்துறக்கூடாதுல்ல. தம்பி இப்பவும் அமாவாசைக்கு அமாவாசை ஆயில் மாத்துறான், நான் ஒன்னும் சொல்றதில்ல. பின்பக்க ஆயில் சீல் லேசா கசியுது, நாளைக்கு ஒரு ஸ்பூன் அளவு, அத மாத்த கியர்பாக்ஸ இறக்கணும். கச்சான் காத்து பெலக்கிறப்ப எப்படியும் பத்து நாள் தொழில் இருக்காது, அப்ப பாத்துக்கலாம்னு சீல் மட்டும் வாங்கி வீட்டு ஷெல்ஃப்ல வச்சிருக்கு.